எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும்: கட்டணமில்லா நிகழ்ச்சிகள் குறித்து வழிகாட்டுங்கள்

மாலைவகுப்பு ஆசிரியை (வியாசர்பாடி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். இப்போது பத்தொன்பது பேர் வருகிறார்கள். சென்ற வாரம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய பாடம் வந்தபோது, "இவையெல்லாம் நம் எழும்பூரிலேயே இருக்கின்றன, யார் யார் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு கைகள்தான் உயர்ந்தன. அவற்றில் ஒன்று, தம்பியைக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்திருந்த நாட்களில் பேருந்துச் சன்னல் வழியாக அந்தச் செந்நிறக் கட்டடத்தைப் பார்த்த ஒரு சிறுமியின் கை. உள்ளே போகலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அது கோர்ட்டுன்னு நெனச்சேன் மிஸ்" என்றாள்.

அந்தச் சொல் என்னை இரண்டு நாள் உறங்க விடவில்லை. பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் இடம், நம் வரிப்பணத்தில் நடக்கும் இடம், இந்தப் பிள்ளைகளுக்கு நீதிமன்றத்தைப் போல அச்சமூட்டும் கட்டடமாக நிற்கிறது. ஆகவே மூன்று கேள்விகள். சென்னையில் உள்ள காட்சியகங்களில் கட்டணமின்றி நடக்கும் நிகழ்ச்சிகள் எவை, எந்த நாட்களில்? அங்கே தமிழில் விளக்கிச் சொல்வதற்கு யாராவது கிடைப்பார்களா? இவற்றைப் பற்றிய செய்தி எங்களைப் போன்றவர்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியவரும்?

பழைய மதராஸ்காரர்:

வணக்கம் அம்மா. அந்தப் பெண் சொன்னது எனக்கு என் பாட்டியை நினைவூட்டியது. என் பாட்டி அதை ஒருநாளும் அருங்காட்சியகம் என்று சொன்னதில்லை. "செத்த காலேஜ்" என்றுதான் சொல்வார். விலங்குக் காட்சி சாலை "உயிர்க் காலேஜ்". பாடம் செய்து வைத்த விலங்குகள் இருந்த இடம் செத்த காலேஜ், உயிருள்ளவை இருந்த இடம் உயிர்க் காலேஜ் என்று சென்னை மக்கள் தாமாகவே வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. 1851ஆம் ஆண்டு இந்த அருங்காட்சியகம் தொடங்கியபோது கல்லூரிச் சாலையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்ற கட்டடத்தில் இருந்தது. "காலேஜ்" என்ற சொல் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854இல்தான் இன்றுள்ள பாந்தியன் சாலை வளாகத்துக்கு மாறியது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர், கல்லையும் எலும்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மக்களை வரவழைக்க முடியாது என்பதை அப்போதே புரிந்துகொண்டவர். உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் பெருகுகிறது என்று கண்டு, ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சி சாலையைத் தொடங்கினார். அதுதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்குப் போனது. பாந்தியன் என்ற பெயரே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் நடனமும் நாடகமும் விருந்தும் நடத்திய பொதுக் கூடத்திலிருந்து வந்தது. அன்று அந்தக் கூடத்துக்குள் நம்மவர்களுக்கு இடமில்லை. இன்று இருக்கிறது. ஆனால் இடம் இருக்கிறது என்ற செய்தி வியாசர்பாடிக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்கருத்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: காணும் பொங்கல். அன்று ஊரே அங்கே திரளும். எனக்கு அந்தக் கூட்டம் மிகவும் பிடிக்கும். கூடை நிறையச் சோறு கட்டிக்கொண்டு வரும் குடும்பங்களைப் பார்ப்பதே ஒரு திருவிழா. ஆனால் பத்தொன்பது பிள்ளைகளை அன்று ஒரு சிலையின் முன்னே நிறுத்திப் பேச முடியாது.

கோட்டூர்புரம் வாசகி:

உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் என் இரண்டு பிள்ளைகளையும் பெரும்பாலும் கட்டணமில்லா நிகழ்ச்சிகளுக்கே அழைத்துச் சென்று வளர்த்தவள்.

ஆண்டுதோறும் மே 18 உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம். இந்நாட்களையொட்டித் தனிக் கண்காட்சி, சொற்பொழிவு, ஓவியப் போட்டி என்று ஏதாவது ஒன்று எங்காவது நடக்கும். இந்தியத் தொல்லியல் துறை பாரம்பரிய நாளிலும் பாரம்பரிய வாரத்தின் முதல் நாளிலும் தன் பொறுப்பில் உள்ள சின்னங்களுக்குக் கட்டணமின்றி அனுமதிப்பது வழக்கம். நமக்கு அருகில் மாமல்லபுரம் அதில் அடங்கும். ஆகஸ்டு 22 சென்னை நாள். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் பெற்ற நாளை வைத்துக் கொண்டாடப்படுவது. 2004 முதல் அதையொட்டிப் பாரம்பரிய நடை, பேச்சு, பழைய ஒளிப்படக் கண்காட்சி என்று பல நடக்கின்றன, அவற்றில் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் இந்த நாட்காட்டியை நம் ஊரின் வானிலையோடு சேர்த்துப் பாருங்கள். மே 18 கத்திரி வெயிலின் நடுவில் வருகிறது. பள்ளி விடுமுறை என்பதால் பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போயிருப்பார்கள். நவம்பர் மூன்றாவது வாரம் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். வியாசர்பாடியில் அப்போது முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்காக வகுத்த நாட்களை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வரவில்லையே என்று வருந்துகிறோம். ஆகஸ்டு ஒன்றுதான் நமக்குத் தோதான மாதம்.

ஆண்டு முழுதும் திறந்திருப்பவையும் உண்டு. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் ஓவியக் காட்சிகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எங்கள் வீட்டருகே 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனித் தளப் பகுதி இருக்கிறது; அங்கே நடக்கும் பொன்மாலைப் பொழுது இலக்கிய உரைகளுக்கு யாரும் போகலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சொற்பொழிவுகள் பெரியவர்களுக்கு மிகவும் பயன்படும். மார்கழியில் சபாக்களின் பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்குச் சீட்டு வேண்டியதில்லை. பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம் விழாவில் பறையும் கரகமும் மயிலாட்டமும் பூங்காக்களுக்கும் திடல்களுக்குமே வந்துவிடுகின்றன.

பல்லாவரம் தந்தை:

செய்தி எப்படித் தெரியவரும் என்ற கேள்விக்கு என் அனுபவம் கசப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தின் ஒரு காட்சியகத்தில் சிறுவர்களுக்கான களிமண் பயிற்சி கட்டணமின்றி நடப்பதாகச் சமூக ஊடகத்தில் பார்த்தேன். படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது, நிரப்பி அனுப்பினேன், பதிவாகிவிட்டது என்ற செய்தியும் வந்தது. என் மகளையும் அண்டை வீட்டுப் பையனையும் மின்சார ரயிலில் அழைத்துக்கொண்டு போனால், இடம் நிரம்பிவிட்டது, முன்னால் வந்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். வந்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். அந்தப் பையன் திரும்பும் வழியெல்லாம், "நாம லேட்டா அங்கிள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நாங்கள் தாமதமாகப் போகவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்டணமில்லை என்று அறிவித்தால் போதாது. யாருக்குச் செய்தி முதலில் போகிறதோ அவர்களுக்கே அந்த நிகழ்ச்சி சொந்தமாகிவிடுகிறது. மாநகராட்சிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தால், அந்த அறையில் வேறு முகங்களும் இருந்திருக்கும்.

கணக்காளர் (தியாகராய நகர்):

நான் சற்று மாறுபட்டுப் பேச அனுமதியுங்கள். எல்லாவற்றையும் இலவசமாக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காசு கொடுக்காமல் கிடைப்பதை நம் மக்கள் மதிப்பதில்லை. சிலைகளின் மீது பெயரைக் கீறி வைத்திருப்பதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறோம்? பத்து ரூபாயாவது கொடுத்து உள்ளே போனால்தான் பொறுப்பு வரும். காட்சியகங்களைப் பராமரிக்கவும் பணம் வேண்டும்.

மாலைவகுப்பு ஆசிரியை (வியாசர்பாடி):

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எங்கள் பிள்ளைகளின் கணக்கு வேறு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நுழைவுக் கட்டணம் பெரிய தொகையல்ல, மாணவர்களுக்குச் சலுகையும் உண்டு என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. சாதாரணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயண அட்டை இருக்கிறது. ஆகப் பணம் பெரிய தடையே இல்லை. ஒரு தாய் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். அந்த நாளின் கூலி போகும். அதுதான் உண்மையான கட்டணம். அதைக் கொடுத்து வருகிறவர் பெயரைக் கீறுவதற்காக வரமாட்டார்.

மதிப்பு காசிலிருந்து வருகிறது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கோயிலுக்குள் நுழையச் சீட்டு இல்லை, மெரினாவுக்கு இல்லை, இந்த ஊரில் மக்கள் மிகவும் நேசிக்கும் இடங்கள் இவைதாம். தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிள்ளை மதிக்கும். தெரியாத ஒன்றின் முன்னால் பத்து ரூபாய் கொடுத்து நிறுத்தினாலும் ஐந்து நிமிடத்தில் சலிப்படைந்துவிடும்.

ஓய்வுபெற்ற காட்சிக்கூடப் பணியாளர்:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். நான் நம் மாநிலத்தில் ஒரு காட்சியகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் தரப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். நூற்றிருபது பிள்ளைகள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் மூன்று பேர். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்பார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி போல வரிசையாக ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கல்வெட்டும் காசும் பானையோடும் எல்லாம் ஒன்றுதான். நாங்கள் செய்யக்கூடியது, "தொடாதே, ஓடாதே, சாயாதே" என்று கத்துவது மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: என் வாழ்நாளில் பிள்ளைகளிடம் நான் அதிகமாகச் சொன்ன சொல் "தொடாதே" என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆயிரம் செய்திகளில் பத்தைக்கூட அவர்களிடம் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்றும் எனக்கு அது மனக்குறைதான்.

ஆகவே, அம்மா, நீங்கள் போகும்போது இவற்றைக் கவனியுங்கள். எழும்பூர் வளாகத்தில் 6 கட்டடங்களும் 46 காட்சிக்கூடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கவே பார்க்காதீர்கள். மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இருபது நிமிடம் தரையில் உட்காரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை என்று எண்ணி வெள்ளியன்று வந்து ஏமாந்து திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பே காப்பாட்சியருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். "அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டவும்" என்று எழுதினால் ஒருவரும் அசையமாட்டார்கள், "திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைப் பற்றிப் பதினைந்து நிமிடம் விளக்க முடியுமா?" என்று எழுதினால் உள்ளே இருப்பவருக்கே ஓர் உற்சாகம் வரும். தான் படித்ததைக் கேட்க ஆள் வருகிறார்கள் என்பதைவிட ஒரு காப்பாட்சியருக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை. ஓவியம் வரைய விரும்பினால் பேனா வேண்டாம், பென்சில் போதும். தண்ணீர்ப் புட்டிகளைக் கூடத்துக்கு வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

பல்லாவரம் நண்பருக்கு ஒரு செய்தி. உங்கள் ஊரில்தான் 1863ஆம் ஆண்டு மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று அது. அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. உங்கள் மகளைக் கண்டிப்பாக அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பல்லாவரம் தந்தை:

ஐயா, நான் இருபது ஆண்டுகளாகப் பல்லாவரத்தில் குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைச் சந்தை தெரியும், மலை தெரியும், இது தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போகிறோம்.

சிற்பக்கலை மாணவர்:

ஆசிரியை அவர்கள் செப்புத் திருமேனிகளைக் காட்டப் போவதாக இருந்தால், அவை உருவான முறையை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து பிசைந்து முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்கிறோம். நகை, விரல், மடிப்பு எல்லாம் அந்த மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதன்மேல் நைந்த வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் காயவைத்து, மேலும் மேலும் மண் அப்பிக் கம்பியால் கட்டுகிறோம். சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறோம். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். மண் அச்சு ஒவ்வொரு முறையும் உடைந்துபோவதால் ஒரு வார்ப்பைப் போல இன்னொன்று கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மெழுகுவர்த்தியும் களிமண்ணும் வைத்துக்கொண்டு உலோகம் ஊற்றும் கட்டத்துக்கு முன்புவரை பிள்ளைகளே செய்து பார்க்கலாம். தேவைப்பட்டால் நான் ஒரு மாலை வியாசர்பாடிக்கு வருகிறேன். எனக்கு எதுவும் தர வேண்டாம். காட்சியகங்கள் பேச்சும் போட்டியும் நடத்துவதைக் குறைத்துக்கொண்டு, கையால் செய்து பார்க்கும் இத்தகைய பயிற்சிகளைக் கூட்டினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் கைவினைஞர்கள் நம் கண்முன்னே வேலை செய்வதைப் பார்க்கலாம். அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சிறப்புக் குழந்தையின் தாய்:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். என் மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன். நிகழ்ச்சி அறிவிப்புகளில் நேரமும் இடமும் இருக்கும். படிக்கட்டு எத்தனை, சாய்தளம் உண்டா, கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா என்பது ஒருநாளும் இருக்காது. முன்னதாகத் தொலைபேசியில் கேட்டால் எடுப்பவருக்கே தெரிவதில்லை. உங்கள் பத்தொன்பது பேரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்கள் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாலைவகுப்பு ஆசிரியை (வியாசர்பாடி):

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம். நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிற்பக்கலை மாணவர் சொன்னபடியே முந்தைய வியாழக்கிழமை மாடிக்கு வந்து மெழுகு உருவங்கள் செய்யக் கற்றுத் தந்தார். ஆளுக்கொரு பிள்ளையார், ஒரு மீன், இரண்டு கிரிக்கெட் மட்டைகள். மண் பூசிக் காயவைத்துச் சூடேற்றினோம். மெழுகு சொட்டுச் சொட்டாக வெளியே வந்தபோது ஒருவரும் பேசவில்லை. இவ்வளவு அமைதியை நான் அந்த மாடியில் கண்டதில்லை.

சனிக்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். ஐயா சொன்னது போலக் கடிதம் எழுதியிருந்தேன். உள்ளே ஒருவர் காத்திருந்து தமிழில், எங்கள் பிள்ளைகள் பேசும் தமிழில், பேசினார். மூன்றே பொருள்கள் என்று முடிவு செய்திருந்தோம்: ஃபூட் சேர்த்த கற்கருவிகள், அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பம் ஒன்று, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்காமல் வரமாட்டோம் என்று பையன்கள் அடம்பிடித்ததால் நான்காகிவிட்டது.

அர்த்தநாரீசுவரரின் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டாம், முதலில் பாருங்கள், என்ன தெரிகிறதோ சொல்லுங்கள் என்றார் அவர். சிறிது நேரம் எல்லோரும் கூச்சத்தோடு சிரித்தார்கள். பிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இந்தப் பக்கம் ரெண்டு கை, அந்தப் பக்கம் ஒரு கை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடப் புத்தகத்தில் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கைகளை எண்ணியதில்லை. வலப்பக்கம் சிவன், இரண்டு கைகள். இடப்பக்கம் உமை, ஒரே கை. உமையொரு பாகன் என்று நான் வகுப்பில் நூறு முறை சொல்லியிருந்தாலும் அந்த இடுப்பின் வளைவு ஒரு பக்கம் மட்டும் மாறுவதை அவர்கள் கண்டுகொண்டதைப் போல ஆகாது.

நீதிமன்றம் என்று நினைத்த அந்தச் சிறுமிதான் கடைசியில் கேட்டாள். பக்கத்தில் இருந்த இன்னொரு திருமேனியைக் காட்டி, "சார், கீழ பீடத்துல எதுக்கு ஓட்டை?" என்றாள். புறப்பாட்டின்போது தண்டு செருகித் தூக்குவதற்கும் கட்டுவதற்கும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், "எங்க தெரு அம்மன ஆடி மாசம் தூக்குறப்ப இப்படித்தான் கயிறு போட்டுக் கட்டுவாங்க, எங்க மாமாதான் கட்டுவாரு" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கூடத்தில் நடந்த நடையே வேறு. மற்ற பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பீடத்திலும் துளையைக் காட்டினாள். காவலர் ஒருவர் "தொடாதே" என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே காட்டுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

கணக்காளர் (தியாகராய நகர்):

படித்தேன் அம்மா. கட்டணம் பற்றிய என் கருத்து முழுதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை போகும்போது பிள்ளைகளின் சிற்றுண்டிச் செலவு என்னுடையது.

ஓய்வுபெற்ற காட்சிக்கூடப் பணியாளர்:

அந்தப் பெண்ணின் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முப்பது ஆண்டுகளில் பீடத்துத் துளையைப் பற்றி என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களெல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள். உலாத் திருமேனி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை இன்றும் தெருவில் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அது உடனே கண்ணில் படும் போலிருக்கிறது. நிகழ்ச்சிகளைத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆடி மாதத்தில், அம்மன் புறப்பாடு நடக்கும் வாரங்களிலேயே, தோள்கொடுத்துத் தூக்குகிறவர்களையும் அலங்காரம் செய்கிறவர்களையும் அழைத்து இந்தக் கூடத்தில் பேசச் சொன்னால், நவம்பர் மழையில் நடத்தும் பத்துச் சொற்பொழிவுகளுக்கு அது ஈடாகும்.

கோட்டூர்புரம் வாசகி:

இது மிக நல்ல யோசனை ஐயா. நீங்கள் ஒரு வரைவு எழுதிக் கொடுத்தால், இங்குள்ள நாம் எல்லோரும் கையெழுத்திட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். அதில் பல்லாவரம் நண்பர் சொன்னதையும் சேர்க்க வேண்டும்: அறிவிப்பு தமிழில் இருக்க வேண்டும், மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் இரண்டு வாரம் முன்னதாகத் தாளாகவே போக வேண்டும். சாய்தளம் பற்றிய வரியையும் விட்டுவிடக் கூடாது.

பல்லாவரம் தந்தை:

நாங்களும் போய் வந்தோம். கற்கோடரிகளின் முன்னால் என் மகள், "இத கையில எப்படிப் பிடிப்பாங்க?" என்று கேட்டு, வெறுங்கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று களிமண் பயிற்சியிலிருந்து திரும்பி வந்த அந்த அண்டை வீட்டுப் பையனையும் அழைத்துச் சென்றிருந்தேன். கடிதத்தில் என் கையெழுத்தும் உண்டு.

மாலைவகுப்பு ஆசிரியை (வியாசர்பாடி):

என் கையெழுத்தும், படிக்கத் தெரிந்த எங்கள் தெருத் தாய்மார்களின் கையெழுத்தும் உண்டு.

அந்தச் சிறுமி நேற்று வகுப்புக்கு வந்து, தன் அம்மாவையும் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டாள். அம்மா ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அவருக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. உடன் வேலை செய்யும் ஒருவரிடம் பேசி, அடுத்த மாதம் ஒரு புதன்கிழமைக்கு விடுப்பை மாற்றிக்கொண்டிருக்கிறார். அன்று காலை பத்து மணிக்குப் பாந்தியன் சாலை வாயிலில் நாங்கள் மூவரும் நிற்போம். விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை, தானே அம்மாவுக்குச் சொல்லிக்கொள்வதாகப் பெண் சொல்லிவிட்டாள். அமராவதிக் கல்லைப் பற்றி மட்டும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டுமாம்; ஓய்வுபெற்ற ஐயா அதற்குள் நான்கு வரி எழுதி உதவ முடியுமா?